இரு இரகசியங்கள்

தேர்தற் காலத்திலே கொச்சிக்கடை ஒழுங்கைகளில் வீடு வீடாகச் செல்லும் தொண்டர் இரு இரகசியங்களுக்கு நடுவே நிற்கின்றனர்.

முதலாவது வாக்காளருடையது. 1931 இல் இந்நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. துறைமுகத் தொழிலாளியும் புறக்கோட்டை முதலாளியும் வாக்குச் சாவடியில் சமமாவது அவ்வுரிமையாலும், அதனைக் காக்கும் இரகசியத்தாலுமே. ஆதரவு கேட்பது தொண்டர் கடன். யாருக்கு வாக்கு என்று துருவுவது அத்துமீறல்.

மற்றையது ஆள்வோருடையது. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலே குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். முன்னெச்சரிக்கை அதிகாரிகளுக்கு எட்டியிருந்தது. பூசைக்குச் சென்ற மக்களுக்கு எட்டவில்லை. தடுக்கத் தவறிய அன்றைய சனாதிபதியும் அதிகாரிகள் சிலரும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் என உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது.

வாக்காளரின் மௌனம் எளியவருக்குக் கவசம். ஆள்வோரின் மௌனமோ அவ்வெளியவரின் உயிரையே வாங்கவல்லது. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சில கதவுகளைத் திறந்தது; பாதுகாப்பின் பேரால் சில இன்னும் மூடியே உள்ளன. ஆதலால், பிறர் கதவைத் தட்டுமுன் தொண்டர் தம் வேட்பாளரைக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “பதவி கிடைத்தபின் எங்களிடம் எதனை மறைப்பீர்கள்?”