கட்டியவரைக் கேளுங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் விமானி இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளன். கிரீஸும் ஆயிலும்தான் என் உலகம். அப்படிப்பட்டவன் ஏன் விமானத்தைப் பற்றிப் பேச வந்தான் என்று நீங்கள் கேட்கலாம். போன மாதம் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் தம்பி ஒருவர் போன் செய்தார். "அண்ணா, சீனியர்ஸ் செஞ்ச ரேடியோ கண்ட்ரோல் விமானம் லேப்ல அப்படியே கிடக்கு. நாங்க எடுத்துப் பறக்க விடலாம்னு இருக்கோம்" என்றார். நல்லது, செய்தவர்களிடம் பேசினீர்களா என்று கேட்டேன். "எதுக்குண்ணா? பாத்தாலே தெரியுதே!" என்றார்.

அந்தப் "பாத்தாலே தெரியுதே" எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

முதலில் நம் ஊர்க் கதை. இந்தியாவில் விமானம் என்றாலே 1911 பிப்ரவரியில் அலகாபாத்தில் தபால் மூட்டையோடு பறந்ததைத்தான் பொது அறிவுப் புத்தகத்தில் படித்தோம். அதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, 1910 மார்ச்சில், நம் பல்லாவரத்தில் ஒருவர் பறந்துவிட்டார். பெயர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். கார்சிகா தீவுக்காரர். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். 1909 ஜூலையில் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி இவருக்குள் தீயை மூட்டிவிட்டது. தாமே ஒரு விமானத்துக்கு வரைபடம் போட்டார். சிம்ப்சன் கம்பெனியிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். குதிரை வண்டி கட்டிப் பெயர் வாங்கிய கம்பெனி அது. பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்தார். பிறகு பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவருக்குச் சொல்லித்தர சென்னையில் ஒரு விமானி கிடையாது. அந்த விமானம் அதற்கு முன் ஒரு முறைகூடத் தரையை விட்டு எழும்பியதில்லை. எப்படித் தைரியம் வந்தது? ஒன்று மட்டும் அவரிடம் இருந்தது. வரைபடம் அவர் கை போட்டது. எந்தக் கம்பி எதை இழுக்கும், எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். பறக்கத் தெரியாது, ஆனால் இயந்திரம் தெரியும்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர். 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். 1997 அக்டோபரில் ஒரு சின்ன விமானத்தைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். பர்ட் ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈசி என்ற ரகம். சின்ன இறக்கை மூக்கின் பக்கம், புரொப்பெல்லர் பின்னால். வரைபடத்தை வாங்கி, நுரைப் பலகையும் ஃபைபர் கிளாஸும் வைத்து வீட்டிலேயே கட்டிக்கொண்டார்கள். பெங்களூர் என்.ஏ.எல். கூட 1980களில் இதே வடிவத்தை வைத்து ஓர் ஆராய்ச்சி விமானம் கட்டியது. டென்வர் வாங்கியதை ஏற்கெனவே வேறொருவர் கட்டி முடித்திருந்தார்.

இந்த விமானத்தில் இடது இறக்கைக்கு ஒரு டேங்க், வலது இறக்கைக்கு ஒரு டேங்க். ஒன்று தீர்ந்தால் வால்வைத் திருப்பி மற்றதற்கு மாற வேண்டும். ரூட்டானின் வரைபடத்தில் அந்த வால்வு விமானிக்கு முன்னால், கை எட்டும் இடத்தில் இருக்கிறது. கட்டியவர் பெட்ரோல் குழாய் விமானி அறைக்குள் வரக்கூடாது என்று நினைத்து, அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவர் நினைத்ததும் பாதுகாப்பைத்தான்! கைப்பிடியில் எந்தக் குறியும் இல்லை. வலப்பக்கம் திருப்பினால் இடது டேங்க். கீழே திருப்பினால் வலது டேங்க். கட்டியவருக்கு அது பழக்கம். மற்றவருக்கு?

டென்வருக்கு அந்த விமானத்தில் கிடைத்த பயிற்சி சுமார் அரை மணி நேரம். வால்வு எட்டவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கோடு சேர்ந்து கைப்பிடியில் ஒரு கிரிப் பிளையரை மாட்டிப் பார்த்தார். அப்படியும் எட்டவில்லை. பெட்ரோல் போடட்டுமா என்று கேட்டதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், வேண்டாம் என்றார். அக்டோபர் 12 மாலை, கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார்.

போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதை விசாரித்தது. வால்வைத் திருப்ப வேண்டுமானால் விமானி வலது கையால் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டு, உடம்பை இடப்பக்கமாகப் பின்னால் முறுக்க வேண்டும். அப்படி முறுக்கும்போது வலது கால் தானாகவே ரட்டர் பெடலை அழுத்துகிறது. நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து இடது தோளுக்குப் பின்னால் வலது கையை நீட்டிப் பாருங்கள், வலது கால் எங்கே போகிறது என்று தெரியும். விமானம் தரைக்குச் சில நூறு அடி உயரத்தில் இருந்தது. திருத்திக்கொள்ள நேரம் ஏது?

2011-ல் அமெரிக்காவில் இப்படி வீட்டில் கட்டிய விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளை அதே வாரியம் ஆராய்ந்தது. பாதிக்கு மேற்பட்டவை பிறரிடமிருந்து வாங்கிய விமானங்கள். 14 விபத்துகள் புது உரிமையாளர் முதன்முதலாகப் பறந்தபோதே நடந்தவை.

இதையெல்லாம் நான் புத்தகப் பூச்சியாக இருந்து தேடிப் படிக்கவில்லை. எனக்கு ஓர் அடி விழுந்த பிறகுதான் படித்தேன். அதைச் சொல்லாமல் போனால் நான் பேசியது பாதிப் பொய்.

சில வருடங்களுக்கு முன் திருவள்ளூர் பக்கம் காக்களூரில் மூடிப்போன ஒரு சின்னப் பட்டறையிலிருந்து பழைய ஹைட்ராலிக் பிரஸ் ஒன்றை வாங்கி வந்தோம். நிறுவும் பொறுப்பு என்னுடையது. பார்த்தேன், பம்பு, சிலிண்டர், லீவர், எல்லாம் தெரிந்ததுதான். எங்களிடம் இருந்த பிரஸ்களில் லீவரை மேலே தூக்கினால் ராம் மேலே போகும். இரவு ஷிப்டில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு துண்டு சிக்கிக்கொண்டது. ஹெல்ப்பர் பையன் எடுக்கக் கையை விட்டான். நான் ராமை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம் என்று லீவரைத் தூக்கினேன். அது இறங்கியது. அவனுக்கு இரண்டு விரல் நுனி போய்விட்டது.

கை உள்ளே இருக்கும்போது லீவரைத் தொட்டதே தவறு. அது தனி. ஆனால் அந்த லீவர் ஏன் தலைகீழ்? காக்களூரில் அதை ஓட்டிய ஆபரேட்டரைத் தேடிக்கொண்டு போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "தம்பி, பழைய வால்வு போனப்ப அதே மாதிரி கெடைக்கல. நான்தான் வேற வால்வு போட்டு ஓஸை மாத்தி மாட்டினேன். எனக்குப் பழகிடுச்சு. வண்டியில ஏத்தும்போது நான் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்த ஹெல்ப்பர் இன்றும் எங்களிடம்தான் வேலை பார்க்கிறார். என்னைப் பார்த்தால் சிரிப்பார். நான்தான் அவர் கையைப் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டேன்.

பிறர் கட்டிய விமானத்தில் முதன்முதலாக ஏறுகிறவர்களுக்குப் பழகிய விமானிகள் சொல்வது இதுதான். அதை ஏற்கெனவே ஓட்டியவரோடு உட்கார்ந்து கேள். தரையிலேயே கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பிடியையும் தொட்டுப் பழகு. இரண்டு டேங்கிலும் இன்ஜின் ஓடுகிறதா என்று கீழேயே மாற்றிப் பார். ஓடுபாதையில் உருட்டிப் பார். மேலே போனதும் ஊர் சுற்றாதே. விமான நிலையத்துக்கு மேலேயே நல்ல உயரத்தில் நின்று, இறங்கும் வேகத்துக்குக் குறைத்தால் அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு இறங்கு. முதல் முறை யாரையும் உடன் ஏற்றாதே. கண்ணை மூடித் தொடும் அந்தப் பழக்கத்தை எங்கள் பிளாண்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருநாள் இரவு கரண்ட் போனதும் சிரிப்பு நின்றது.

போன் செய்த தம்பி முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார், தலையைக் குனிய வேண்டாம். அந்த விமானத்தைச் செய்த இரண்டு சீனியர்களும் இதே அரங்கில் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்கள். ஒருவர் ஓசூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்தவர், சாயங்காலம் கிளம்பிவிடுவார். சாப்பாட்டு வேளையில் பிடித்துக்கொள்ளுங்கள். வடை இரண்டாம் பந்திக்கு இருக்காது என்று கேள்வி, அதனால் சீக்கிரம்.