6,746,328,388,800: இராமானுஜன் அட்டவணையின் கடைசி எண்

6,746,328,388,800 என்னும் முழுவெண்ணுக்கு 10,080 காரணிகள் உண்டு. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை. தனக்கு முந்திய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் விஞ்சும் எண்ணை உயர் சேர்த்தி எண் என்பர். சீனிவாச இராமானுஜன் 1915இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இவ்வகை எண்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண் இதுவே. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் வழங்கியதும் இந்த ஆய்வுக்காகத்தான்.

இந்த எண்ணின் பருமனை உணர ஓர் ஒப்பீடு: இலங்கையில் பல்லேகமவை அடுத்த களு கங்கை நீர்த்தேக்கம் நிரம்பினால் சுமார் 25 கோடி கன மீற்றர் நீர் கொள்ளும். அதை லீற்றரில் கணக்கிட்டால், அப்படிப்பட்ட 27 நீர்த்தேக்கங்கள் சேர்ந்தே ஏறத்தாழ இந்த எண்ணை எட்டும். ஆனால் எண்ணின் சிறப்பு பருமனில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது.

முதன்மை எண்களாகப் பிரித்தால் அது 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. ஒரு காரணியில் 2 இன் சுட்டி 0 முதல் 6 வரை ஏழு விதமாக அமையலாம். 3க்கு ஐந்து விதம். 5க்கும் 7க்கும் மும்மூன்று. எஞ்சிய ஐந்து முதன்மை எண்களுக்கும் இவ்விரண்டு. பெருக்கினால் 10,080. இங்கே 23 வரையுள்ள முதன்மை எண்களில் ஒன்றும் விடுபடவில்லை, சுட்டிகளும் எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் அன்று. பெரிய முதன்மை எண்ணுக்குப் பெரிய சுட்டி இருந்தால், இரண்டு சுட்டிகளையும் இடம் மாற்றியே அதே அளவு காரணிகளுடைய சிறிய எண்ணைப் பெற்றுவிடலாம். கடைசிச் சுட்டி எப்போதும் 1தான் என்றும், 4, 36 ஆகிய இரண்டே விதிவிலக்கு என்றும் இராமானுஜன் நிறுவினார். 2³ × 3² ஆகிய 72 இந்த விதிக்குப் பொருந்தாததால் உயர் சேர்த்தி எண் அன்று: அதன் 12 காரணிகளை 60 முன்பே பெற்றுவிட்டது.

அவ்வளவு கவனமாகக் கையால் போட்ட அட்டவணையிலும் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 293,318,625,600. வியப்பு என்னவென்றால், கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் வருவது அதுவே. அதற்கு 5,040 காரணிகள். 5,040, 10,080 இரண்டும் தாமே உயர் சேர்த்தி எண்கள்.

சங்கத்தின் பண நெருக்கடியால் கட்டுரையின் பிற்பகுதி அன்று அச்சேறவில்லை. நிக்கோலா, ரோபன் என்னும் கணிதவியலாளர் இருவரும் அதைப் பதிப்பித்தது 1997இல். அதில், முதன்மை எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோள் மெய்யென்று கொண்டு காரணிகளின் கூட்டுத்தொகைக்கு இராமானுஜன் மேல்வரம்பு கண்டிருந்தார். இத்தகைய ஒரு வரம்பு 5,040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் பொருந்துவதும் ரீமான் கருதுகோளும் ஒன்றுக்கொன்று சமம் என்று ரோபன் 1984இல் நிறுவியிருந்தார்.