மதகுச் சாவி யார் கையில்?

(தாமலில் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 2017இல் திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் வந்தது. மலம் அள்ளுற நம்ம சனங்களே நேரா பேசுன படம். அள்ள வைப்பதைத் தடை செய்யும் சட்டம் 2013லேயே வந்தாச்சு. படத்தைத் திரையிடப் போன இடங்களில் போலீஸ் தடுத்தது. பிறகு யூடியூப் வழியாகத்தான் பரவலாகப் போய்ச் சேர்ந்தது.

அப்ப யூடியூபே போதுமேன்னு கேப்பீங்க. 2023 ஜனவரியில் மோடியைப் பற்றிய பி.பி.சி. படத்தின் இணைப்புகளை நீக்கச் சொல்லி ஒன்றிய அரசு உத்தரவு போட்டது. யூடியூபும் நீக்கியது, ட்விட்டரும் நீக்கியது. அவ்வளவுதான் அவங்க கருத்துச் சுதந்திரம்.

நம்ம செங்கல்பட்டுச் சீமையில் ஏரி மதகைத் திறந்து மூடினவர் நீர்க்கட்டி. பெரும்பாலும் சேரிக்காரர். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணி என்று சொன்னது மிராசுதார். உழைப்பு நம்முது, உத்தரவு அவனுது. யூடியூபில் படம் ஏத்துறதும் ஏறக்குறைய அப்படித்தான்.

பியர்டியூப் என்று ஒன்று இருக்கு. பிரான்சில் பிராமசாஃப்ட் என்ற அமைப்பு 2018இல் முதல் பதிப்பை வெளியிட்டது. காசில்லை. யாரும் தங்கள் சர்வரில் நிறுவலாம். ஒரு நிலையத்தில் ஏத்துன படத்தை இன்னொரு நிலையத்திலிருந்தும் பார்க்கலாம். படம் துண்டு துண்டாக வரும். உங்களுக்கு வந்த துண்டை, அதே நேரம் பார்க்கிற இன்னொருத்தருக்கு உங்க பிரௌசரே கொடுக்கும். கூட்டம் கூடினாலும் முழுப்பாரமும் சர்வர் மேல விழாது. பெரிய கம்பெனி தயவில்லாமல் சின்ன இயக்கம் படம் காட்ட முடிவது இதனாலதான்.

ஆனா இதையும் கேளுங்க. துண்டு கொடுக்கிறவர் ஐ.பி. முகவரி வாங்குறவருக்குத் தெரியும். போலீஸும் ஒரு பார்வையாளராக வந்து உக்காரலாம். வழக்கு இருக்கிற தோழர்கள் செட்டிங்கில் பகிர்வை நிறுத்திவிட்டுப் பார்க்கணும். கொடுக்கிற துண்டுக்கும் டேட்டா செலவாகும். ஒருத்தரே தனியாகப் பார்த்தால் பகிர்வுக்கு வேலையே இல்லை, எல்லாம் சர்வரிலிருந்துதான் வரும். அந்த சர்வரை மூடினால் படமும் போச்சு. ஆகவே வேற ஊர் நிலையத்தில் ஒரு பிரதி கட்டாயம் வேணும்.

சர்வருக்கு மாத வாடகை உண்டு. கம்ப்யூட்டர் படிக்கிறவங்க இங்கே இருக்கீங்க. நிறுவுறது யார், வாடகை கட்டுறது யார் என்று இன்னைக்கே பேசுவோம். முதல்ல எதை ஏத்துறது என்று கேட்டால், நீர்க்கட்டி வேலை பார்த்த பெரியவங்க இன்னும் இருக்காங்க. அவங்க பேச்சை எடுங்க, அடுத்த மழைக்கு முன்னாடி.