ஆண்டுப் பிறப்பை மாற்றுவது யார்?

நான் நேரே பொருளுக்கு வருகிறேன்.

1. நம் துறையின் தீராத வழக்கு

தலைப்பைக் கண்டதுமே 'சித்திரையா, தையா?' என்று பலர் முணுமுணுத்திருப்பீர்கள். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் சட்டம் வந்தது, 2011இல் நீக்கப்பட்டது. அன்று முதல் நம் கருத்தரங்குகளில் இரண்டு கட்சிகள். மக்கள் வழக்கு அரசாணைக்கு அசையாது, தலைமுறை மாறும்போது அது மாறினால் அதற்குப் பெயர் சீரழிவு என்கிறது ஒன்று. சட்டம் நீடித்திருந்தால் ஒரே தலைமுறையில் எல்லாம் மாறியிருக்கும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் நான் நெடுங்காலமாக மறுத்து வருகிறேன். மறுக்க வாயெடுத்தாலே, 'ஐயா ஜப்பானுக்குப் புறப்பட்டுவிட்டார்' என்று சிரித்தபடி நண்பர்கள் தேநீருக்கு எழுந்துவிடுவார்கள். இன்று சொற்பொழிவு முடிந்த பிறகுதான் தேநீர்.

என் கட்சி இதுதான். ஆண்டு பிறக்கும் தேதியை அரசு ஒரே நாளில் மாற்றலாம். கொண்டாட்டம் அந்தத் தேதிக்கு உடனே குடிபெயர்ந்துவிடாது. பள்ளியும் தபாலும் ரயிலும் சம்பள நாளும் போய்ச் சேர்ந்த இடத்துக்குத்தான் அதுவும் போகும். இதற்கு என் முதற் சான்று ஜப்பான்.

2. இரண்டே நாள் நீடித்த மாதம்

1872 டிசம்பர் 9 அன்று ஜப்பானின் மெய்ஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதுவரை வழங்கிய சந்திரமான நாட்காட்டி ஒழிக. பன்னிரண்டாம் மாதம் மூன்றாம் நாள் 1873 ஜனவரி 1 ஆகுக. ஆணைக்கும் அமலுக்கும் இடையே ஒரு மாதம்கூட இல்லை. பன்னிரண்டாம் மாதம் இரண்டே நாளில் முடிந்தது.

அந்த மாதம் எப்படிப்பட்ட மாதம் என்பதை நினைக்க வேண்டும். ஆண்டின் கடைசி நாள் கடன் தீர்க்கும் நாள். அந்த ஒரு நாளில் கடன்காரர்களும் வசூலுக்கு வருபவர்களும் ஆடும் கண்ணாமூச்சியை வைத்தே எழுத்தாளர் இஹாரா சைகாகு 1692இல் ஒரு முழுக் கதைநூல் எழுதினார். அரசுக்கும் கணக்கு இருந்தது. பழைய முறைப்படி அடுத்த ஆண்டில் ஓர் அதிக மாதம். ஊழியர்களுக்குப் பதின்மூன்று சம்பளம். புதிய முறையில் அது மிச்சம். இரண்டு நாள் மாதத்துக்கும் சம்பளம் கிடையாது. சீர்திருத்தத்துக்கு நாகரிகம் மட்டுமே காரணம் என்பவர்கள் அன்றைய அரசின் தலைவர்களில் ஒருவரான ஒகுமா ஷிகெனோபுவின் நினைவுரைகளைப் படிக்கட்டும். அறிஞர் ஃபுகுசாவா யுகிச்சி புதிய நாட்காட்டியை ஆதரித்துச் சிறுநூல் எழுதினார். இதைச் சந்தேகிப்பவர்கள் படிப்பறிவில்லாத மூடர்கள் என்று அதில் ஏசவும் செய்தார்.

ஆணை வந்தாயிற்று, அறிஞர் பெருமகனும் ஏசியாயிற்று. கிராமம் மசிந்ததா? இல்லை. ஜனவரி 1 பல ஊர்களில் அறுவடைக் கணக்கே முடியாத நாள். அலுவலகத்தில் புதிய புத்தாண்டு, வீட்டில் பழைய புத்தாண்டு என்று இரண்டு நடந்தன. சில வட்டாரங்களில் பிப்ரவரி 1ஐப் புத்தாண்டாக்கி ஒரு சமரசமும் செய்துகொண்டார்கள். இருபதாம் நூற்றாண்டு பிறந்து வெகுகாலம் வரை பழைய புத்தாண்டு உயிரோடிருந்தது. ஒகினாவாவின் இதோமான் போன்ற மீனவர் ஊர்களில் இன்றும் இருக்கிறது. 'ஆணை போதும்' என்னும் கட்சிக்கு இதுவே பதில்.

அப்படியானால் நாட்டின் பெரும்பகுதி ஜனவரி 1க்கு எப்படி வந்து சேர்ந்தது? முதலில் பள்ளி. 1890களின் தொடக்கத்தில் விழா நாள் சடங்குகளுக்குப் பள்ளிகளில் விதி வகுத்தார்கள். 1893இல் ஜனவரி முதல் நாளுக்கென்றே ஒரு பாட்டைக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. தாத்தா பழைய நாளுக்காகக் காத்திருக்க, பேரன் புதிய நாளில் பள்ளிக்குப் போய்ப் பாடிவிட்டு வந்தான். அடுத்த தலைமுறையின் வீட்டுக்குள் தேதி நுழைந்தது இந்தப் பாட்டின் வழியாக.

அடுத்து ரயில். எடோ எனப்பட்ட டோக்கியோவின் நகரத்தார் புத்தாண்டில் அவ்வாண்டுக்குரிய நல்ல திசையில் இருக்கும் கோயிலுக்குப் போவார்கள். 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியதும், இடையிலிருந்த கவாசாகியின் கோயிலுக்கு நகரத்தார் உல்லாசமாகப் போய்வரலானார்கள். 1899இல் போட்டி நிறுவனம் ஒன்றின் மின்ரயிலும் ஓடத் தொடங்கியது. இரு தரப்பும் போட்டிபோட்டு விளம்பரம் செய்தன. திசைபார்க்கும் வழக்கம் தேய்ந்தது. எந்தத் திசையானாலும் புத்தாண்டின் முதல் வழிபாட்டுக்குப் போவது என்னும் 'ஹத்சுமோதே' வளர்ந்தது. இன்று அதைத் தொன்மையான மரபு என்று நம்புகிறார்கள். முதல் மூன்று நாளில் சுமார் முப்பது லட்சம் பேர் திரளும் டோக்கியோவின் மெய்ஜி ஆலயம் 1920இல் எழுந்தது.

மூன்றாவது தபால். 1873இல் அஞ்சலட்டை வந்தது; 1899இல் வாழ்த்து அட்டைகளைத் தனியே பெற்று, புத்தாண்டன்று சேர்ப்பிக்கும் ஏற்பாடு வந்தது; 1949இல் அட்டைக்குப் பரிசுச்சீட்டும் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டுக்கென அச்சிட்டவை 440 கோடிக்கும் மேல். இப்போது 150 கோடியையும் எட்டுவதில்லை. 'இந்த ஆண்டோடு அட்டை அனுப்புவதை நிறுத்திக்கொள்கிறேன்' என்று முதியவர்களே கடைசி அட்டையில் எழுதி விடைபெறுகிறார்கள். மரபைக் கைவிடுபவர்கள் இளையவர்கள் மட்டுமே என்னும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு ஜப்பானியர் எல்லோருக்கும் புத்தாண்டன்றே ஒரு வயது கூடும். நாடே ஒன்றாக வயதேறிய நாள் அது. பிறந்த தேதியைக் கொண்டு வயதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தது. வயது தனிமனிதனின் பிறந்தநாளுக்குப் போய்விட்டது. அரிசியை இடித்துச் செய்த மோச்சியாகப் பெற்றுவந்த புத்தாண்டுப் பேறு குழந்தைகளுக்கு உறையிலிட்ட பணமாயிற்று. புத்தாண்டின் உட்பொருளே மாறியது. புத்தாண்டு அலங்காரமாக வாசலில் வைக்கும் பைன் கிளைகள் மட்டும் அப்படியே நின்றன. இதைச் சீரழிவு என்று எந்த அளவுகோலால் அளப்பீர்கள்?

3. பிற நாடுகள்: சுருக்கமாக

சீனா நேர்மாறான சான்று. 1928இல் தேசியவாத அரசு பழைய புத்தாண்டை ஒழிக்கப் பார்த்தது, முடியவில்லை. பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் 1967இல் விடுமுறையையே பறித்தார்கள். 1980இல் அது மீண்டது. 1983 முதல் தொலைக்காட்சிக் கலைவிழா அதன் புதிய சடங்காயிற்று. இலங்கையில் வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் புத்தாண்டுக்கு வேறு வேறு நேரம் குறிக்க, மருத்துநீர்க் குளியலும் கைவிசேடப் பணமும் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கின்றன. தமிழர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளிலோ பஞ்சாங்கம் எந்த நேரம் சொன்னாலும் விழா மண்டபம் கிடைப்பது சனி, ஞாயிறில்தான்.

4. நம் ஊர்

2008ஆம் ஆண்டுச் சட்டம் எதை நகர்த்தியது? தை முதல் நாள் ஏற்கெனவே பொங்கல் விடுமுறை. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளும்கூட. பள்ளி ஜூனிலும் நிதியாண்டு ஏப்ரல் 1லும் தொடங்கியபடியே இருந்தன. நடைமுறை எதுவும் நகராத இடத்தில் கொண்டாட்டம் மட்டும் எப்படி நகரும்? இரு கட்சியினரும் அந்த மூன்றாண்டுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது.

5. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் ஆகிவிட்டது என்று அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். பட்டியலாகவே சொல்கிறேன். பொங்கல் வாழ்த்து அட்டைகளின் எழுச்சியையும் மறைவையும் எழுத வேண்டும். டிசம்பர் 31 அன்று நடக்கும் திருத்தணித் திருப்படித் திருவிழாவையும், ஜனவரி 1 நள்ளிரவில் கோயில் நடை திறக்கும் வழக்கத்தையும் ஆராய வேண்டும். சிறுநகர வணிகர்களின் புதுக்கணக்கு நோட்டுகள், பஞ்சாங்க அச்சகங்கள், தொலைக்காட்சியின் சிறப்பு நிகழ்ச்சிகள் ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆய்வேடுகள் வேண்டும்.

இவற்றில் ஒன்றையேனும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதுகலை மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்வெட்டையும் நிகண்டையும் காட்டி, எந்த நாள் சரி என்று வாதாடும் கட்டுரைகள் போதும். அவற்றால் ஒரு வீட்டிலும் ஒரு வழக்கமும் மாறவில்லை.