சாவி யார் பையில்?

  

எதிரணித் தலைவர் சொன்னார்: "ஆபத்து நேரத்துல ஒரு தீவைக் காப்பாத்துறது உதவிப் பொருள்தான், அரிசியும் தண்ணியும் இருந்தாப் போதும்." ஐயா, கல்யாண வீட்டுல இலை போட்டாச்சு. சாம்பாரும் தயார். ஆனா சமையல்கட்டைப் பூட்டி, சாவியைப் பையில போட்டுக்கிட்டு மாப்பிள்ளையோட சித்தப்பா கோயிலுக்குப் போயிட்டாரு. பந்தியில உட்கார்ந்தவனுக்கு வாசனைதானே மிச்சம்? (சிரிப்பு)

பசிபிக் கடலில் டோங்கா என்று ஒரு நாடு. சுமார் 170 தீவுகள். ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள். 2022 ஜனவரி 15ஆம் தேதி, கடலுக்குள்ளிருந்த எரிமலை வெடித்தது. சுனாமி வந்தது. சாம்பல் மழையாகக் கொட்டியது. மழைத்தண்ணியைத் தொட்டியில பிடிச்சுக் குடிக்கிற சனங்க அவங்க. அந்தத் தண்ணியிலயே சாம்பல்!

நியூசிலாந்தில் விமானம் தயார், உதவிப் பொருள் தயார். ஆனா இறங்க முடியலையே! இரண்டரை கிலோமீட்டருக்கும் நீளமான ஓடுபாதை முழுக்கச் சாம்பல். மண்வெட்டியும் துடைப்பமுமா ஆட்கள் இறங்கிக் கையால வாரினாங்க. ஜனவரி 20ஆம் தேதிதான் முதல் உதவி விமானம் தரையைத் தொட்டது. நடுவர் அவர்களே, ஐந்து நாள்! அந்த விமானத்துக்கு வழி திறந்த சாவி எது? துடைப்பம்! (கைதட்டல்)

சரி, கப்பல் நேரே வந்துடுமா? சுனாமி கடலடியில எதைப் புரட்டிப் போட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? அதனால நியூசிலாந்துக் கடற்படை 'வெலிங்டன்' கப்பலில் முக்குளிப்பவர்களையும் கடலாழம் அளப்பவர்களையும் அனுப்பி, துறைமுகப் பாதையைச் சோதித்தது. 'ஆவோடேரோவா' கப்பல் இரண்டரை லட்சம் லிட்டர் தண்ணீரோடு வந்தது. தண்ணியோட வழி பார்க்கவும் ஆள் அனுப்பினாங்க பாருங்க, அதுக்குப் பேர்தான் திட்டம்!

2010இல் ஹெய்ட்டி பூகம்பம். தலைநகரின் துறைமுகம் சிதைந்தது. விமான நிலையத்துக்கோ ஒரே ஓடுபாதை. உலகமே உதவி அனுப்பியது. விமானங்கள் வானத்தில் வட்டமடித்தன. சில வேறு நாட்டுக்குத் திரும்பின. மருந்து இருந்தது. வழி இல்லையே ஐயா!

பொருள் வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு துறை இடிஞ்சா அடுத்த துறை எது? எந்தப் படகு எந்தத் தீவுக்கு? எரிபொருள் எங்கே? வழி திறக்கிற வரைக்கும் வேண்டிய குடிதண்ணி அந்தந்தத் தீவிலேயே இருக்கா? இதையெல்லாம் கடல் அமைதியா இருக்கும்போதே எழுதி வைக்கணும். பக்கத்து ஊருன்னா தலைச்சுமையா நடந்தாவது போய்ச் சேரலாம். தீவுக்கு நடந்து போக முடியுமா?

எனவே, தீவு நாட்டைக் காப்பது போக்குவரத்துத் திட்டமே! (கைதட்டல்)