பல்ப்பைக் கழற்றினால் வருத்தம் தீருமா?

(தோட்ட வாசிகசாலையில் நடந்த சாரதிமார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழமையாக நான் இங்கே சேமலாப நிதி, போசாக்கு, பிள்ளைகளின் படிப்பு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு ஒரு சின்ன விளக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் இருக்கு.

பக்கத்துத் தோட்டத்துப் பொடியன் ஒருவன், அப்பா ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாபக் காசைப் போட்டு ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினான். டேஷ்போட்டில், பெல்ட் போட்ட மனிதனுக்கு முன்னால் பந்து இருப்பது போன்ற படம் எந்நேரமும் எரிந்தது. ஒரு கராஜில் காட்டினான். அங்கே பல்ப்பைக் கழற்றிவிட்டு, "இனிக் கரைச்சல் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து, தெமோதரைப் பக்கம் மழையில் கார் சறுக்கி மண்மேட்டில் மோதியது. காற்றுப்பை விரியவில்லை. பெல்ட் போட்டிருந்தபடியால் உயிர் தப்பியது; ஆனால் நெஞ்செலும்பு உடைந்துவிட்டது. பார்க்கப் போனபோது, "வெளக்குத்தான் அணைஞ்சிருச்சே சேர், சரியாயிருச்சுன்னு நெனச்சேன்" என்றான். அந்தப் பேச்சு என் மனதை விட்டுப் போகவில்லை.

காய்ச்சல்காரனுக்குத் தேர்மோமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போகுமா? அந்த விளக்கு எரிந்தால், "எனக்குள்ளே பிழை இருக்கு, மோதும்போது என்னை நம்பாதே" என்று கார் சொல்கிறது. பை விரியாமல் போகலாம். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம்.

சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பியதும் அந்த விளக்கு ஐந்தாறு செக்கன் எரிந்து, பிறகு அணைய வேண்டும். இதுதான் சுகமான கார். அணையாமல் எரிந்தாலோ, மினுங்கினாலோ பிழை. ஒருதரமும் எரியாமலே இருந்தால் அதுவும் பிழை, பல்ப்பைக் கழற்றியிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காசைக் கொடுக்கும் முன்னே இதைப் பாருங்கள்.

பிழை எங்கே இருக்கும்? பழைய கார்களில் அடிக்கடி காண்பது நாலு இடம். ஒன்று, பற்றரி பலவீனம். இரண்டு, முன் ஆசனத்துக்குக் கீழே உள்ள வயர் இணைப்பு. ஆசனத்தை முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கும்போதும், கீழே சாமான் திணிக்கும்போதும் அது தளர்ந்துவிடும். மூன்று, பெல்ட் கொளுவும் பூட்டு. நாலு, ஸ்டியரிங்குக்குள் சுருண்டிருக்கும் ஸ்பைரல் கேபிள். விளக்கும் எரிந்து, ஹோர்னும் அடிக்காவிட்டால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது, பற்றரியைச் சோதிப்பதும் ஆசனத்துக்குக் கீழே உள்ள சாமானை எடுப்பதும்தான். மஞ்சள் நிற உறையோடு வரும் வயர்களில் கை வைக்காதீர்கள். டெஸ்ட் லேம்ப், மீற்றர் எதுவும் வைக்காதீர்கள். பைக்குள் இருப்பது வெடித்துக் காற்றடைக்கும் மருந்து. கண்ணிமைக்கும் முன்னே முகத்தில் அடிக்கும். ஸ்கேனர் வைத்துப் பிழை இலக்கத்தை வாசிக்கிற கராஜுக்குக் கொண்டு போங்கள். பற்றரியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துத்தான் கை வைக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேணும். விளக்கு ஒழுங்காக அணைந்தாலும் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. ஜப்பானின் தகாட்டா கம்பனி செய்த காற்றுப்பைகளில் இருந்த மருந்து, பல வருஷச் சூட்டிலும் ஈரக்கசிவிலும் கெட்டு, விரியும்போது இரும்புத் துண்டுகளைச் சாரதி மேலேயே வீசியது. பல நாடுகளில் உயிர்கள் போயின. கோடிக்கணக்கான வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். 2017இல் அந்தக் கம்பனியும் வங்குரோத்தானது. நம் நாட்டில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல்தான் திரும்பத் தொடங்கியது. அதனால் பழைய ஜப்பான் கார்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. உங்கள் காரின் சேசி இலக்கத்தை அந்தக் கார்க் கம்பனியின் இலங்கை முகவரிடம் கொடுத்துக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டேஷ்போட்டில் பிள்ளையாரை ஒட்டுகிறோம். அந்தப் பக்கம் பை இருந்தால், விரியும்போது சிலை பயணியின் முகத்தில்தான் வந்து அடிக்கும். சாமியை வேறு இடத்தில் வைத்துக் கும்பிடுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பின் ஆசனத்தில் இருத்துங்கள்.

கடைசியாக, காற்றுப்பை என்பது பெல்ட்டுக்கு உதவிக்கு வந்தது, பெல்ட்டுக்குப் பதிலாக வந்ததல்ல. 2011 முதல் முன் ஆசனத்தில் பெல்ட் போடுவது சட்டம். பொலிஸ்காரரைக் கண்டால் மட்டும் போடுகிற பழக்கத்தை விடுங்கள். பசறை வளைவிலும், எல்ல இறக்கத்திலும் நம்ம வீட்டுச் சனத்தைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

நாளைக் காலையில் சாவியைத் திருப்பும்போது ஆறு வரை எண்ணிப் பாருங்கள் தம்பிமாரே.