பாரிசவாதம் வந்த கைக்கு வேலை கொடுங்கள்



இயன்மருத்துவம் என்றால் கைகால் பிடித்துவிடுவது என்றுதான் எங்கள் ஆட்களில் பலர் இன்னமும் நினைக்கிறார்கள். அதில் ஓர் உண்மையும் இருக்கிறது. 1894இல் இங்கே லண்டனில் நான்கு தாதிமார் சேர்ந்து, மசாஜ் பயின்ற பெண்களுக்காக ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுவே பின்னாளில் இந்த நாட்டு இயன்மருத்துவர்களின் சங்கமாக வளர்ந்தது. ஆனால் இன்று எங்கள் வேலையின் பெரும் பகுதி பிடித்துவிடுவது அல்ல, நோயாளியை அசைய வைப்பது. சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத தமிழ் வீடு குறைவு. ஆகவே பாரிசவாதத்தை வைத்தே இதைச் சொல்லுகிறேன்.

நீங்கள் தகப்பனின் கையைத் தூக்கி இறக்குகிறீர்கள், அவர் பேசாமல் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பிறர் செய்துவிடும் அசைவு. மூட்டு இறுகிப் போகாமல் இருக்க இது உதவும். ஆனால் தசைக்குப் பலம் தராது. கையை எப்படி அசைப்பது என்று மூளை திரும்பப் படிக்க வேண்டுமே, அதற்கும் இது போதாது. மூளை படிப்பது அவர் தானாக முயலும்போதுதான். பாதியை அவர் செய்ய மீதியை நீங்கள் தாங்கிக் கொடுப்பது அடுத்த படி. பிறகு உதவியே இல்லாமல் அவர் செய்வது. கடைசியில் பாரத்துக்கு எதிராகச் செய்வது.

எந்தப் படியில் தொடங்குவது என்பதற்கு நாங்கள் தசையின் பலத்தை 0 முதல் 5 வரை அளக்கிறோம். தசையில் ஒரு துடிப்பும் இல்லையென்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. கையை மேலே தூக்க முடியாது, ஆனால் மேசையில் கிடத்தினால் பக்கவாட்டில் நகர்த்த முடியும் என்றால் 2. தன் பாரத்தைத் தானே தூக்கினால் 3. வீட்டுக்காரர் தவறவிடுவது இந்த 2ஐத்தான். கை தூக்குப்படவில்லை என்றதும் செத்த கை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஐயாவுக்கு வலது பக்கம் விழுந்து மூன்று மாதம். அம்மா காலையும் மாலையும் எண்ணெய் பூசி, அந்தக் கையை நூறு தரம் தூக்கி இறக்குவா. சோறு குழைத்துத் தீத்திவிடுவா. அவ்வளவு பார்வை! நான் மேசையில் ஒரு சின்னத் துவாயை விரித்து, அதன்மேல் ஐயாவின் கையை வைத்து, "நீங்களே முன்னுக்குத் தள்ளுங்கோ ஐயா" என்றேன். அம்மா உடனே உதவிக்கு வந்தா. "கொஞ்சம் பொறுங்கோ அம்மா" என்று மறித்தேன். அரை நிமிடத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. பிறகு துவாய் இரண்டு அங்குலம் நகர்ந்தது. "இந்தக் கை ஆடுமெண்டு எனக்குத் தெரியாதே" என்று அம்மா அழுதா. ஐயாவுக்குமே தெரியாது. முயன்று பார்க்க யாரும் விடவில்லை.

பாரிசவாதத்துக்குப் பின் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் வரும், ஆனால் மெதுவாக. அந்த மாதங்களைக் கட்டிலில் கழிக்கக் கூடாது. 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 67 வதான, நோயில்லாத ஆட்கள் 10 நாள் கட்டிலில் இருந்தார்கள். அவர்களுடைய கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்து போயிற்று.

பாரம் வைத்துச் செய்யும் பயிற்சி போரில் காயப்பட்டவர்களுக்காக வளர்ந்த ஒன்று. 1940களில் அமெரிக்க இராணுவ வைத்தியர் தோமஸ் டிலோர்ம், முழங்கால் காயப்பட்ட சிப்பாய்களுக்குப் பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார். எங்களுக்கு இரும்பு தேவையில்லை. குசினியில் இருக்கும் 400 கிராம் கடலைப் பேணி போதும். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது கால்களுக்கு நல்ல பயிற்சி. முதலில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

நோ வந்தால் நிறுத்துவதா? பயிற்சியின்போது இலேசான நோ வந்து, அடுத்த நாளைக்குள் அடங்கினால் பயமில்லை. மறுநாளும் கூடுதலாக நொந்தாலோ மூட்டு வீங்கினாலோ பாதியாகக் குறையுங்கள். நெஞ்சு நோ, திடீர் மூச்சுத்திணறல், புதிதாக வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது என்றால் உடனே 999. இன்னொன்று: விழுந்த பக்கக் கையைப் பிடித்து இழுத்து ஆளை எழுப்பவே கூடாது. தசை பிடிக்காத தோள்மூட்டு அப்படியே இறங்கிவிடும்.

கிளினிக்குக்குப் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். சலம் போவதில் உள்ள கஷ்டத்தை எந்தத் தகப்பன் மகளிடம் சொல்லுவார்? முன்கூட்டியே கேட்டால் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்கு செய்வார்கள். ஊரில் தடுத்து வைக்கப்பட்டு அடிபட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். பின்னால் நின்று யாரும் தொட்டால் அவர்களுக்கு உடம்பு பதறும். "முன்னால் நின்று, சொல்லிவிட்டுத் தொடுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த மாதம் முழங்கால் வாதத்தோடு வருகிறேன்.